கல்லூரியும் களியாட்டமும்: ரொம் வுல்ஃபின் நாவலை முன்னிறுத்திச் சில கருத்துகள்

சென்ற ஆண்டின் பிற்பகுதியிலே எமது ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல்வழிக் கடிதமொன்று வந்தது. 1995 ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வின் பின்னர் கடல் கடந்து சென்று, இன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே லொறிச் சாரதியாக உழைப்பவர் அவர். மூத்த மகள் பாடசாலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். “பிள்ளை கெட்டிக்காரி. எங்கை விட்டாலும் படிப்பாள். ஆனால் குடியும் கூத்தும் இல்லாத இடமாய்ப் பார்த்துச் சொல்லு தம்பி” என்பது அவரது வேண்டுகோள். யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றிலே தமிழ் படிப்பிக்கும் எம்மிடம் அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி வினவுவது பொருத்தமோ என்பது வேறு விடயம். ஆசிரியன் என்பவன் எல்லாம் அறிந்தவன் என்னும் நம்பிக்கை எம்மவரிடையே இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. அந்த நம்பிக்கையின் பொருட்டேனும் சில நூல்களைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. அவற்றுள் ஒன்று நாவல்; பிறிதொன்று சமூகவியல் ஆய்வு. ஒரே பொருளைப் பற்றிப் பேசும் இவ்விரண்டும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதே எம்மை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலிலே கைக்குக் கிடைப்பவை வழிகாட்டி நூல்களே. பிரின்ஸ்ரன் றிவியூ என்னும் நிறுவனம் (பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் தொடர்பு யாதுமில்லை) மாணவரிடம் வினாக்கொத்துகளைக் கொடுத்து, களியாட்டம் மிகுந்த கல்லூரிகள் இவை, மதுவாடையே இல்லாத கல்லூரிகள் இவை எனப் பல ஆண்டுகளாகத் தரப்படுத்தி வெளியிட்டு வந்துள்ளது. களியாட்டப் பட்டியலை வெளியிடுவதை நிறுத்துமாறு அமெரிக்க வைத்தியர் சங்கம் 2002 இல் அதனைக் கேட்டது. மறு பட்டியலின் உச்சியிலே ஆண்டுதோறும் இடம்பெற்று வந்தது யூற்றா மாநிலத்துப் பிரிகம் யங் பல்கலைக்கழகம். அது மோர்மன் திருச்சபைக்கு உரியது. மதுவும் புகையிலையும் மாத்திரமன்றிக் கோப்பியும் தேநீரும் கூட அங்கே விலக்கு. எமது மலையகத் தொழிலாளி கிள்ளியனுப்பும் கொழுந்துக்கு அங்கே மதிப்பில்லை என்பதை அண்ணருக்கு எழுதலாமா என்று ஒரு கணம் எண்ணினோம். நிற்க. சந்தையிலே பொருள்களை அடுக்கி வைப்பது போலக் கல்லூரிகளை அடுக்கி வைத்து, ‘உமக்கு விருப்பமானதை எடுத்துக் கொள்ளும்’ என்பதே இவ்வழிகாட்டிகளின் உட்பொருள். ஒரு கல்லூரி ஏன் குடியில் மிதக்கிறது, இன்னொன்று ஏன் மிதக்கவில்லை என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. ருசி வேறுபாடு என்பதோடு விடயம் முடிந்து விடுகிறது.

‘ஏன்’ என்ற வினாவை எழுப்ப முயன்றவர் 2018 இல் மறைந்த ரொம் வுல்ஃப். பத்திரிகையாளராக இருந்து நாவலாசிரியரானவர். 2004 இல் வெளிவந்த அவரது ‘ஐ ஆம் சார்லற் சிமன்ஸ்’ என்ற பெருநாவலுக்காகப் பல பல்கலைக்கழகங்களுக்கு நேரிற் சென்று, மாணவரின் பேச்சையும் நடையையும் குறிப்பெடுத்து எழுதினார் என்பர். வட கரோலினாவின் மலைப்பகுதியிலே, ஸ்பார்ட்டா என்னும் சிற்றூரிலே, வறிய குடும்பமொன்றிற் பிறந்த சார்லற், புலமைப்பரிசில் பெற்று ‘டியூபொன்ற்’ என்னும் புகழ்மிக்க (கற்பனைப்) பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறாள். அறிவுலகத்தின் வாயில் தனக்குத் திறந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு போனவள் அங்கே காண்பது வேறு. செல்வக் குடும்பத்து அறைத் தோழி பெவர்லி. அவள் ஆணொருவனை அழைத்து வரும்போதெல்லாம் நள்ளிரவிலும் அறையைவிட்டு வெளியேற வேண்டிய நிலை. குடியே மூச்சாகக் கொண்ட ‘சகோதரச் சங்கங்கள்’ என்னும் மாணவர் இல்லங்கள். அச்சங்கமொன்றின் நாயகனான ஹொய்ற் தோர்ப், வாஷிங்ரனில் நடைபெறும் விருந்துக்கு அவளை அழைத்துச் செல்கிறான். அங்கே அவள் வொட்கா குடிக்கிறாள். அதன் பின் நிகழ்வதைச் சொல்ல வேண்டியதில்லை. மனம் உடைகிறது, படிப்புச் சரிகிறது. நாவலின் இறுதியில் கூடைப்பந்தாட்ட வீரனொருவனின் காதலியாகப் பார்வையாளர் வரிசையில் அவள் அமர்ந்திருக்கிறாள்.

நாவலிலே கலைத்திறன் இல்லை என்று எவரும் கூற முடியாது. குறிப்பாக, முதல் நாளிலே இரு குடும்பங்களும் சந்தித்து மலிவான உணவகமொன்றிலே ஒன்றாக உணவருந்தும் பகுதி. ஏழைப் பெற்றோர் மனமார மகிழ்கின்றனர். செல்வப் பெற்றோர் முகம் சுளியாதிருக்கப் பாடுபடுகின்றனர். இடையிலே சார்லற் வெட்கத்தால் வேகின்றாள். வர்க்க வேறுபாட்டின் வலியை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் பக்கங்கள் அண்மைக்கால அமெரிக்க எழுத்திலே அதிகமில்லை. ஆயினும் வுல்ஃப் அந்த வலியைக் கண்ட இடத்திலேயே விட்டு விடுகிறார். உடை, உச்சரிப்பு, தட்டிலுள்ள உணவு ஆகியவற்றில் வர்க்கத்தைக் காண்கிறார். கல்லூரியின் கணக்குப் புத்தகத்திலே அதனைத் தேடவில்லை.

இதற்குக் காரணம் நாவலின் முகப்பிலேயே உளது. நோபல் பரிசு பெற்ற கற்பனை விஞ்ஞானி ஒருவர் பூனைகளின் மூளையில் ஒரு பகுதியை அகற்றுகிறார். அப்பூனைகள் கட்டுக்கடங்காக் காமவெறி கொள்கின்றன. வியப்பு யாதெனின், சத்திரசிகிச்சைக்கு உட்படாது, அயற்கூடுகளிலிருந்து இவற்றைப் பார்த்துக் கொண்டிருந்த பூனைகளும் அவ்வாறே நடக்கத் தொடங்குகின்றன என்பதாம். சார்லற் அந்த அயற்கூட்டுப் பூனை. சூழல் மனிதனை விழுங்குகிறது என்பது ஆசிரியரின் கட்சி. ஆனால் அச்சூழல் யாரால், எதற்காக, எவருடைய பணத்திலே ஆக்கப்பட்டது என்பதை அவர் கேட்பதில்லை. கூட்டைக் கட்டியவன் கதையில் வருவதேயில்லை. இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை எமது விமர்சகர் 1960களிலே வற்புறுத்திப் பேசிய போது, அஃது ஏட்டுச் சர்ச்சை என்று சிலர் எள்ளினர். வுல்ஃபின் நாவலைப் படித்து முடித்தபோது அவ்வேறுபாடு எமக்கு மீண்டும் தெளிவாயிற்று. சேற்றைத் துல்லியமாக வருணிப்பது இயற்பண்புவாதம். வாய்க்கால் எங்கே உடைந்தது என்று காட்டுவது யதார்த்தம்.

பூனைத் தத்துவத்தைப் பொய்ப்பிக்கப் புள்ளிவிபரம் ஒன்றே போதும். ஹாவாட் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஹென்றி வெக்ஸ்லர் 1993, 1997, 1999, 2001 ஆகிய ஆண்டுகளிலே நூற்றுக்கு மேற்பட்ட நான்காண்டுக் கல்லூரிகளில் மாணவரின் குடிப்பழக்கத்தை ஆராய்ந்தார். ஒரே அமர்விலே ஆண்கள் 5 கிண்ணமும் பெண்கள் 4 கிண்ணமும் அல்லது அதற்கு மேலும் குடிப்பதை மிதமிஞ்சிய குடி என வரையறுத்தார். ஆய்வுக்கு முந்திய இரு வாரங்களிலே அவ்வாறு குடித்தவர் ஏறத்தாழ 44 வீதத்தினர். நாளிதழ்கள் இவ்விலக்கத்தையே பெரிதாகப் போட்டன. எமது கண்ணில் முக்கியமாகப் பட்டது வேறோர் இலக்கம். 1993 ஆம் ஆண்டு ஆய்விலே, மிதமிஞ்சிக் குடிப்போர் தொகை ஒரு கல்லூரியில் 1 வீதமாகவும் மற்றொரு கல்லூரியில் 70 வீதமாகவும் இருந்தது. ஒரே நாடு, ஒரே வயது, ஒரே இளமைத் துடிப்பு. இளமையின் இயல்பே இக்குடிக்குக் காரணமெனின் 1க்கும் 70க்கும் இடைப்பட்ட தூரத்தை எவ்வாறு விளக்குவது? சகோதரச் சங்க இல்லங்களிலே வசித்தோரில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் மிதமிஞ்சிக் குடித்தனர். வீட்டிலிருந்து நாளாந்தம் வந்து போவோர் பயிலும் கல்லூரிகளிலும், பெண்கள் கல்லூரிகளிலும், வரலாற்று ரீதியான கறுப்பினக் கல்லூரிகளிலும் அத்தொகை தாழ்வாக இருந்தது. இன்று நாடு முழுவதிலும் இளைஞர் குடி குறைந்து, இரு வாரக் கணக்கிலே மாணவரில் மூன்றிலொரு பங்கினும் தாழ்ந்துவிட்டது உண்மையே. ஆயின் கல்லூரிக்குக் கல்லூரி உள்ள வேற்றுமை மறைந்து விடவில்லை.

இனி மற்ற நூலுக்கு வருவோம். எலிசபெத் ஆம்ஸ்ரோங், லோறா ஹமில்ரன் என்னும் இரு சமூகவியலாளர் எழுதி 2013 இல் ஹாவாட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட இந்நூலின் பெயரே பொருள் பொதிந்தது: ‘பேயிங் ஃபோர் த பார்ட்டி’. களியாட்டத்துக்கு விலை கொடுத்தல் என்று சொல்லலாம். மத்திய மேற்குப் பகுதியிலுள்ள பெரியதோர் அரச பல்கலைக்கழகத்திலே, விடுதியொன்றின் பெண்கள் மாடியில் இவர்களது ஆய்வுக்குழு 2004 இல் இடம்பிடித்து, அங்கு வாழ்ந்த மாணவியரை ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து அவதானித்தது. வுல்ஃபின் நாவல் வெளிவந்த அதே ஆண்டு என்பதைக் கவனிக்க.

அவர்கள் கண்டது இதுதான். அரசின் நிதி குறையக் குறையப் பல்கலைக்கழகம் வெளிமாநிலச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளை நாடுகிறது. அவர்கள் முழுக் கட்டணம் செலுத்துபவர்கள். அவர்களைக் கவரக் கல்வி மட்டும் போதாது. சங்க இல்லங்கள், விளையாட்டுக் கோலாகலம், அதிகம் வருத்தாத இலகுவான பாடங்கள், வெள்ளிக்கிழமை விரிவுரை இல்லாத நேரசூசி, இவையெல்லாம் சேர்ந்து ஒரு பாதையாகின்றன. அதற்கு ஆசிரியர்கள் ‘களியாட்டப் பாதை’ எனப் பெயரிடுகின்றனர். அப்பாதையிலே நான்காண்டு திரிந்து சாதாரண பெறுபேற்றுடன் வெளியேறினாலும் செல்வர் மகளுக்குக் குறையில்லை. தந்தையின் தொடர்பினால் பெருநகரிலே வேலை கிடைக்கும். வாடகையைத் தாய் செலுத்துவாள். அதே விடுதியில், அதே இரவுகளில் அலைந்த தொழிலாளி மகளுக்கோ எஞ்சுவது கடனும் பயனற்ற பட்டமும், அல்லது பட்டமும் இல்லை. பல்கலைக்கழகத்தை விட்டுத் தம் ஊருக்கு அண்மையிலுள்ள சிறிய கல்லூரிகளுக்கு மாறிச் சென்ற வறிய மாணவியர், அங்கேயே தங்கியவர்களிலும் மேலான நிலையை அடைந்தனர் என்பது நூலின் முக்கிய முடிபுகளுள் ஒன்று. புகழ் மிகுந்த இடம் ஏழைக்குத் தீங்காகவும், புகழற்ற இடம் நன்மையாகவும் முடிந்திருக்கிறது.

இவர்களே வேறொருவருடன் சேர்ந்து 2006 இல் எழுதிய கட்டுரையொன்று இன்னும் கூர்மையானது. 1984 ஆம் ஆண்டின் மத்திய சட்டம், மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலங்களின் பெருந்தெரு நிதியைக் குறைக்கும் என அச்சுறுத்தியது. எனவே 18 வயது மாணவி மதுச்சாலைக்குச் செல்ல முடியாது. விடுதியிலோ காவல். பெண்களின் ‘சகோதரியர் சங்கங்கள்’ தம் இல்லங்களிலே மது வைத்திருக்கக் கூடாது என்பது அவற்றின் தேசிய விதி. எஞ்சுவது ஆண்களின் சங்க இல்லம். மதுவும் அவர்களுடையது, வீடும் அவர்களுடையது, வாகனமும் அவர்களுடையது, கதவிலே நிற்பவனும் அவர்களுடையவன். இவ்வாறு சட்டமும் விதியும் சேர்ந்து இளம்பெண்ணை ஆண்களின் ஆதிக்கத்துள் கொண்டுபோய் விடுகின்றன. சார்லற்றின் துயரத்துக்குக் காரணம் பூனைக் குணம் அன்று, இந்த அமைப்பே என்பது விளங்குகிறதல்லவா? 2008 இல் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் வயது வரம்பை மறுபரிசீலனை செய்யக் கோரிக் கையெழுத்திட்டனர். வரம்பு உயர்ந்தபின் வீதி மரணங்கள் குறைந்தன என்று எதிர்த்தரப்பினர் காட்டினர். இரு தரப்பாரும் சங்க இல்லங்களின் சொத்துரிமையைத் தொடவில்லை.

இந்நூலுக்கும் குறையுண்டு. ஆராயப்பட்ட மாணவியர் அனைவரும் வெள்ளையினத்தவர். எமது அண்ணரின் மகள் போன்ற, நிறத்தாலும் மொழியாலும் வேறுபட்ட ஒருத்தியின் கதை அங்கே இல்லை. நிறவேறுபாட்டின் காரணமாக அந்தக் களியாட்டத்துக்கு அழைக்கப்படாமலே விடப்படுபவர், அழைக்கப்பட்டவரிலும் பாதுகாப்பாக இருக்கிறாரா, அன்றித் தனிமையிலே தேய்கிறாரா என்னும் வினா விடையின்றி நிற்கிறது.

எமது ஊர் வாசகருக்கு ஒரு செய்தி. வட்டுக்கோட்டைச் செமினரியை 1823 இல் தொடங்கி நடத்திய டானியல் பூவர், 1811 இல் டாட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மதுவிலக்கை வேதவாக்காகக் கொண்ட அமெரிக்க மிசனரிமாரின் கல்வி மரபு அவ்வழியே யாழ்ப்பாணம் வந்தது. அதே டாட்மத்தின் சகோதரச் சங்கமொன்றிலே 1960களின் தொடக்கத்தில் வாழ்ந்த எழுத்தாளரொருவரின் நினைவுகளே, 1978 இல் வெளியாகிக் குடிகார மாணவனை நாடெங்கும் வீரனாக்கிய ‘அனிமல் ஹவுஸ்’ திரைப்படத்துக்கு ஒரு மூலமாயின. 2015 இல் டாட்மத் கடும் மதுவகைகளைத் தடைசெய்தது. அச்சங்கமும் புதிய உறுப்பினரின் உடலிலே சூடு போட்ட குற்றத்தால் அதே ஆண்டு அங்கீகாரத்தை இழந்தது. சூடு போடுவதை அமெரிக்கக் காட்டுமிராண்டித்தனம் என்று நாம் கைகொட்டிச் சிரிப்பதற்கில்லை. பகிடிவதையைத் தடைசெய்ய 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் எமக்கும் வேண்டியிருந்தது. மேலும், பகிடிவதை செல்வனையும் ஏழையையும் சமனாக்குகிறது என்று எமது முற்போக்கு அணியின் மாணவர் சிலரே வாதாடியதை நாம் பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறோம். அவ்வாதத்தை அன்று நாம் எதிர்த்துப் பேசவில்லை. அடிபட்டவர்களுள் கிராமத்துப் பிள்ளைகளே அதிகம்.

நாவலிலே எம்மை மிக வருத்திய பாத்திரம் சார்லற் அன்று. அவளது பாடசாலை ஆசிரியை மிஸ் பெனிங்ரன். மாணவியின் அறிவைக் கண்டு, ஊக்கி, மிக உயர்ந்த கல்லூரிக்கு அனுப்பி வைப்பவள் அவளே. தரவரிசையை அறிவாள், அங்கே வியாழன் இரவு எப்படிக் கழிகிறது என்பதை அறியாள். எமது பாடசாலை வாயில்களிலே பெறுபேற்றுப் பதாகைகள் படங்களோடு தொங்குகின்றன. அப்படத்திலுள்ள பிள்ளை இரண்டாம் ஆண்டிலே என்ன ஆனான் என்று எந்தப் பதாகையும் சொல்வதில்லை. நாமும் அப்பதாகைகளுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவர்களே.

சார்லற் பிறந்த மலைப்பகுதி அப்பலாச்சியா எனப்படும். அப்பகுதியின் வறிய பிள்ளைகளுக்கென்றே ஒரு கல்லூரி உண்டு. கென்ரக்கி மாநிலத்துப் பெரீயா கல்லூரி, அடிமை முறையை எதிர்த்த ஜோன் ஃபீ என்பவரால் 1855 இல் தொடங்கப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக இருந்து படித்த அக்கல்லூரியைப் பிரிக்க 1904 இல் மாநிலம் சட்டமியற்றியது. 1908 இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை ஏற்றது. 1950 இலேதான் கதவு மீண்டும் திறந்தது. 1892 முதல் அங்கே படிப்புக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. மாறாக ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்கு 10 மணித்தியாலமேனும் கல்லூரிக்காக உழைக்க வேண்டும். வளவினுள் மதுவுக்கும் இடமில்லை. அதன் தோற்றத்திலே கிறித்தவ ஒழுக்கத்துக்குப் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் களியாட்டத்துக்குக் காசு கொண்டு வரும் கூட்டமே அங்கு இல்லை என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். யாரை மகிழ்வித்துக் கட்டணம் வாங்குவது என்ற கவலை அந்நிர்வாகத்துக்கு இல்லை. வுல்ஃப் தமது கதாநாயகியை அங்கே அனுப்பியிருப்பின் நாவல் இருந்திராது. அதுவே அந்நாவலின் எல்லையையும் காட்டுகிறது.

அண்ணருக்கு நாம் எந்தக் கல்லூரியின் பெயரையும் எழுதவில்லை. பெரீயாவின் இடங்கள் சில, மனுக்கள் பல. அதற்குப் பதிலாக மகள் கேட்கத்தக்க வினாக்களை எழுதினோம். முதலாண்டு மாணவரில் எத்தனை பேர் வளவினுள் வசிக்கின்றனர், அவர்களுக்கு மதுவில்லா விடுதி தனியாக உண்டா? மாணவரில் எத்தனை பேர் சங்கங்களைச் சேர்ந்தவர்கள், அவர்களுக்குச் சொந்த வீடுகள் உளவா? வெள்ளிக்கிழமைக் காலையில் விரிவுரைகள் நடக்கின்றனவா? (மிசூரிப் பல்கலைக்கழக மாணவரிடையே நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வு, வெள்ளியன்று காலை வகுப்புள்ளோர் வியாழன் இரவிலே குறைவாகக் குடித்தனர் எனக் காட்டியது.) 1990 ஆம் ஆண்டின் சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் குற்ற அறிக்கை வெளியிட வேண்டும், 2024 டிசெம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தால் பகிடிவதை விபரமும் அதிற் சேர்ந்தது. அவ்வறிக்கையைப் படிக்கச் சொன்னோம், ஓர் எச்சரிக்கையுடன்: மதுக்குற்ற எண்ணிக்கை உயர்ந்திருப்பதனாலேயே கல்லூரி மோசம் என்று கொள்ள வேண்டாம். கண்ணை மூடிக் கொள்ளும் நிர்வாகத்தின் அறிக்கையே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். கடைசியாக ஒரு வினா. வறிய குடும்பத்தினருக்கு அரசு வழங்கும் பெல் உதவிப்பணம் பெறுவோரில் எத்தனை வீதத்தினர் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுகின்றனர்? மற்றவருக்கும் அவர்களுக்கும் இடைவெளி எவ்வளவு?

பிள்ளை இரு கல்லூரிகளுக்குத் தந்தையோடு சென்று வந்தாள். அவளே எமக்கு எழுதினாள், ஆங்கிலத்தில், இறுதியில் தன் பெயரை மட்டும் தமிழில். முதலாவது கல்லூரியிலே சுற்றிக் காட்டிய மூத்த மாணவன், சுவரேறி விளையாடும் கூடத்தையும் புதிய உணவுச்சாலையையும் காட்டினானாம். சங்க வீடுகளைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தானாம். பெல் உதவி பற்றிய வினாவை அலுவலகத்திற் கேட்கச் சொன்னானாம். அலுவலகத்தில் ஒரு பெண்மணி கணினியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, இரு இலக்கங்களைச் சிறு தாளிலே எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதுவரை எந்த மாணவரும் இதைக் கேட்டதில்லை என்றும் சொன்னாளாம். அவ்விலக்கங்கள் எவை என்று பிள்ளை எமக்கு எழுதவில்லை. அன்றிரவு சுமையேற்றப் புறப்படுவதற்கு முன்னர் தந்தை அத்தாளை வாங்கி மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார் என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.